பந்து போடுகிறவள்

பல் செட் செய்கிறவருக்கு டென்னிஸைப் பற்றித் தெரிந்திருந்தது ஒன்றுதான். அது அவருடைய மனைவியைச் சாயங்காலங்களில் வீட்டில் இருக்க விடாது. கல்யாணமான புதிதில் ஓரிரு முறை போய்ப் பார்த்தார். பந்து அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது, கழுத்துதான் வலித்தது. அதோடு விட்டுவிட்டார்.

அப்படி இருந்தவரை மைதானத்துக்கு இழுத்து வந்தது ஓர் அடுப்பு. பீங்கான் பல்லைச் சுட்டெடுக்கிற சின்ன மின்சார அடுப்பு ஒரு நாள் காலையில் சூடேற மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. பழுது பார்க்க வந்தவர் அதன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒரு பாகம் கருகிவிட்டது, வெளியூரிலிருந்து வரவேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெழுகு வேலையும் அச்சு வேலையும் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஒவ்வோர் அறையாகப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே சமயத்தில் மனைவிக்கு உதவியாக இருந்த ஆள் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார்.

“வீட்டைச் சுத்திச் சுத்தி வர்றதுக்கு அங்க வந்து பந்து பொறுக்குங்க,” என்றாள் மனைவி. “வயிறாவது குறையும்.”

மைதானத்தில் அவளை எல்லோரும் கோச் என்றே கூப்பிட்டார்கள். பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது போலிருந்தது. அங்கே போனதும் அவருக்கும் அதுவே வாயில் வந்தது. அவரைப் பிள்ளைகள் கோச் மாமா ஆக்கினார்கள். அப்புறம் கோச்சையும் உதிர்த்துவிட்டு வெறும் மாமா ஆக்கினார்கள்.

செம்மண் பரப்பிய கோர்ட். கோடுகளுக்குச் சுண்ணாம்பு கிடையாது. வெள்ளைப் பட்டையை நீளமாக விரித்து, சீரான இடைவெளியில் ஆணி அடித்து மண்ணோடு இறுக்கியிருந்தார்கள். பந்து விழுகிற இடத்திலெல்லாம் மண்ணில் ஒரு தடம் பதியும், நீளவாக்கில், ஈரப் பாத்திரத்தை வைத்து எடுத்த மாதிரி. ஆட்டம் முடிந்ததும் அகலமான துடைப்பத்தை இழுத்துக்கொண்டு நடந்து தடங்களை அழிக்க வேண்டும். அவருக்கு அந்த வேலை மட்டும் பிடித்தது. அழிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். அது அவர் சுபாவம்.

மற்றபடி முதல் சில நாட்கள் அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. பக்கத்துக் கோர்ட்டில் ஒரு கோச் இருந்தார். கழுத்தில் விசில், கையில் ராக்கெட், வாய் மூடாது. முட்டியை மடக்கு, தோளைத் திருப்பு, தலையைத் தூக்காதே என்று வேலி அதிரும். பார்க்கிறவர்களுக்கே ஏதோ கற்றுக்கொண்ட நிறைவு வரும். இந்தப் பக்கம் தன் மனைவி பந்துக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து வலைக்கு அந்தப்புறம் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். வாயைத் திறந்தால் ‘இன்னொண்ணு’ என்பாள், இல்லாவிட்டால் ‘தண்ணி குடி’ என்பாள். இதற்கா இத்தனை வருஷமாகச் சாயங்காலம் சாயங்காலம் கிளம்பிப் போனாள் என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து கேட்டே விட்டார்: “நீ ஒண்ணுமே சொல்லித் தர மாட்டேங்கறியே?”

“சொல்றதுக்குத்தான் பக்கத்துல ஒருத்தர் இருக்காரே,” என்றாள். “எங்க பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான கேக்குது.”

அவளிடம் ஆடப் பழகிய பிள்ளைகளில் ஒருத்தியைக் கொக்கு என்பார்கள். பெயருக்கேற்ற கால், பெயருக்கேற்ற கழுத்து. நல்ல உயரமும் நீண்ட கையுமாக, டென்னிஸுக்கென்றே செய்து வைத்தது போல இருப்பாள். ஆனால் வேகமாகப் பந்து வந்தால் பின்னால் போய்விடுவாள். ஓர் அடி, இரண்டடி என்று நகர்ந்து, கடைசிக் கோட்டைத் தாண்டி, வேலியில் முதுகு உரசுகிற இடத்திலிருந்து அடிப்பாள். அங்கிருந்து அடித்த பந்து எதிராளிக்குப் போய்ச் சேரும்போது தூங்கி எழுந்தது மாதிரி இருக்கும்.

ஜூனியர் அணிக்கு இதற்கு முன் இரண்டு தடவை முயன்று அவள் தேர்வாகவில்லை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இந்த முறையும் வெளியே நின்றால், ராக்கெட்டைப் பரணில் போட்டுவிட்டு அத்தையின் துணிக்கடையில் போய் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அவளுடைய அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பட்டறைச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. தினமும் வந்து உட்கார்ந்து, “முன்னாடி வாடீ, பந்து உன்னைக் கடிக்காது,” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்லச் சொல்லக் கொக்கு பின்னால் போவாள்.

பல்லுக்காரருக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பல் ஓரத்தில் மயிரிழை தூக்கலாக இருந்தாலும் அவர் கை அரத்தைத் தேடும். சரி செய்யாமல் சாப்பாடு இறங்காது. அன்று நடந்து வீட்டுக்குத் திரும்பும்போது, அந்தப் பொண்ணு பின்னாலேயே போவது உனக்குத் தெரியவில்லையா என்று கோச்சைக் கேட்டார். தெரிகிறது என்றாள். அப்படியானால் சொல்லேன் என்றார்.

“அவ ராக்கெட்டைத் தொட்ட நாள்லேருந்து எல்லாரும் அதைத்தான் சொல்லிட்டிருக்காங்க,” என்றாள் கோச்.  ரோட்டைத் தாண்டும்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் துடைப்பத்தைக் கையில் எடுத்தவர் வழக்கம்போல நின்று பார்த்தார். கொக்குக்குப் போட்ட பந்துகளின் தடங்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பேசிக்கொண்டும், யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைப் பற்றி விசாரித்துக்கொண்டும், கையை மட்டும் ஆட்டிப் போட்ட பந்துகள் அவை. தன் கையே இப்படி வேலை செய்யுமா என்று யோசித்தார். அப்போதுதான் பக்கத்துப் பட்டையில் இருந்த ஆணியைக் கவனித்தார். முந்தின நாள் குவியல் அந்த ஆணிக்குப் பின்னால் இருந்தது. இன்றைக்கு ஆணிக்கு நேராக இருந்தது.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் பார்த்தார். குவியல் ஆணிக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் வந்திருந்தது. அதற்கடுத்த நாளும் பார்த்தார். அதன் பிறகு துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் யாரும் பார்க்காதபோது குனிந்து சாண் போட்டு அளந்தார். சந்தேகமே இல்லை. ஒவ்வொரு நாளும் பந்து வலையின் பக்கம் கொஞ்சம் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். ஆடுகிறவளின் கண்ணுக்குத் தெரியாது, கால் மட்டும் அறியும். பந்து தள்ளி விழுந்த அளவுக்குக் கொக்கு முன்னால் வந்திருந்தாள். ஆரம்பத்தில் வேலி ஓரம் பதிந்து கிடந்த அவளுடைய ஷூ தடங்கள் இப்போது கடைசிக் கோட்டை மிதித்துக்கொண்டிருந்தன. அவளை யாரும் வரச் சொல்லவில்லை. தான் வந்ததே அவளுக்குத் தெரியாது.

 துடைப்பத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். இருபது வருஷமாகப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள், இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தார்.

அதன்பின் அவர் கண்ணுக்கு எல்லாமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. கோச் நிற்கும் இடம் நிலையாக இல்லை. கூடையோடு அவளும் நாளுக்கு நாள் வலையை நெருங்கியிருந்தாள், பந்து சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று. கொக்குவின் அப்பாவுக்கு என்று ஒரு நாற்காலி போட்டிருந்தாள். வெயில் படாத இடம் என்று சொல்லி உட்கார வைத்திருந்தாள். அவரும் நன்றியோடு உட்கார்ந்திருந்தார். அது கொக்குவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து அவர் எத்தனை முகம் சுளித்தாலும் அவளுக்குத் தெரியாது. சத்தம் வருகிறதே என்றால், பக்கத்துக் கோர்ட் கோச்சின் விசில் அதே மூலையில்தான் ஊதிக்கொண்டிருந்தது. அப்பாவின் குரல் அதில் கரைந்து போனது.

மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான். ஒவ்வொருவருக்கும் பந்து வேறு உயரத்தில் வந்தது, வேறு அவசரத்தில் வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிப் பந்து அவள் போட்டதே இல்லை. இத்தனை நாள் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பெண் சும்மா நின்று பந்து தட்டுவதை.

மறுநாள் காலையில் காப்பிக்குச் சர்க்கரை போடும்போது அவர் கை நின்றது. ஒரு காலத்தில் அவர் காப்பியில் கரண்டி நிற்கும், அவ்வளவு சர்க்கரை. இப்போது பாதிகூட இல்லை. தன் மனஉறுதியால் குறைத்தது என்று எத்தனையோ பேரிடம் பெருமை அடித்திருக்கிறார். டப்பாவில் கிடந்த கரண்டியை எடுத்துப் பார்த்தார். குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற அளவில் இருந்தது.

“ஏய், இந்தக் கரண்டி எப்ப வந்தது?”

“ஆறிடும், குடிங்க,” என்றாள் கோச்.

அவர் குடித்தார். ஆனால் அன்று முழுக்க மெழுகில் கை வைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் தானாகச் செய்ததாக நினைத்த காரியங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். கோபம் வரவில்லை. அதிசயம்தான் தாங்கவில்லை.

தாங்காமல் போனதால்தான் தப்பு நடந்தது.

தேர்வுக்கு ஒரு வாரத்துக்கு முன் ஒரு நாள், கோச் போனில் யாருடனோ பேசிக்கொண்டு வேலிக்கு வெளியே போயிருந்தாள். கொக்கு அவரோடு சேர்ந்து பந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று நன்றாக ஆடியிருந்தாள். முகம் சிவந்து, நெற்றி முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு, “மாமா, எனக்கு இப்பல்லாம் பயமே இல்ல,” என்றாள். அவர் வாயில் அது நிற்கவில்லை. வா இங்கே என்று கூட்டிப் போய் மண்ணைக் காட்டினார். இந்த ஆணியைப் பார், போன வாரம் உனக்குப் பந்து இங்கே விழுந்தது, அதற்கு முன்னால் அங்கே, உன்னை அறியாமலே உன்னைக் கோடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள், உலகத்தில் எவளுக்கு இப்படிக் கை வரும் என்று மூச்சு விடாமல் சொன்னார். தன் மனைவியைப் பற்றி அவர் வெளியாளிடம் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

கொக்கு ஆணியைப் பார்த்தாள். தன் ஷூ தடத்தைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிவப்பு இறங்கிவிட்டது.

“அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா?” என்றாள்.

மறுநாள் அவள் பந்தைப் பார்க்கவே இல்லை. கோச்சின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து எங்கே விழப்போகிறது என்று கணக்குப் போட்டாள். போட்டு முடிப்பதற்குள் பந்து வந்துவிட்டது. கால் பழைய வழியே போனது. கோட்டைத் தாண்டி, அதற்கும் பின்னால், வேலி வரைக்கும். அடித்தது பாதி வலையில், பாதி வெளியில். கடைசியில் ராக்கெட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு வலைக்கு வந்து கேட்டாள்: “இன்னைக்கு எவ்வளவு தூரம் குறைச்சுப் போடுறீங்க கோச்? மாமா எல்லாம் சொல்லிட்டாரு.”

கோச் திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் இருந்த பந்துகளைக் கீழே போட்டுவிட்டு மறுபடி பொறுக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவரே பேச்சை எடுத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், அந்தப் பெண்ணின் வருஷத்தையே கெடுத்துவிட்டேன், நாளையிலிருந்து வரவில்லை, வீட்டிலேயே கிடக்கிறேன் என்றார்.  கோச் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என்கிட்ட எத்தனை பேர் வேலை பார்த்திருக்காங்க,” என்றாள். “ஒருத்தரும் அந்த ஆணியைப் பார்க்கலை.”

அவள் குரலில் இருந்தது வருத்தமா சந்தோஷமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“இனி என்ன பண்ணப் போற?”

“தெரிஞ்சு போச்சே. இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது.” கொஞ்சம் கழித்து, “நாளைக்கு ஷூ போட்டுட்டு வாங்க. செருப்பு வேண்டாம்,” என்றாள்.

மறுநாள் கோச் பந்துக் கூடையைத் தூக்கிக் கொக்குவின் பக்கத்தில் வைத்தாள். ஒரு பழைய ராக்கெட்டை எடுத்துத் தன் புருஷன் கையில் கொடுத்தாள். மாமாவுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடு என்று கொக்குவிடம் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை, வாயைத் திறக்கக்கூடாது. சொல்லிவிட்டுப் போய்க் கொக்குவின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தேர்வு தலைக்கு மேல் நிற்கும்போது இது என்ன கூத்து என்று அந்த மனுஷன் எழுந்தே விட்டார். ஒரு வழியாக மறுபடி உட்கார வைத்தாள்.

பல்லுக்காரர் ராக்கெட்டைத் தோசைத் திருப்பி மாதிரிப் பிடித்துக்கொண்டு கடைசிக் கோட்டில் நின்றார். முதல் பந்து வந்தது. அது அப்படி ஒன்றும் வேகமில்லை. ஆனாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கோட்டுக்கு ரொம்பப் பின்னால் இருந்தார். தான் நடந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. இரண்டாவது பந்துக்கும் அதேதான். மனது முன்னால் போகச் சொன்னது, கால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை நாள் இந்தப் பெண்ணைப் பார்த்து உச்சுக் கொட்டியது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

கொக்கு முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் போட்டாள். அப்புறம் அவர் பின்னால் ஓடுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. அவர் நிற்கிற இடத்துக்கே பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டாள். அவர் தொட்டார். மறுபடி போட்டாள், தொட்டார். உற்சாகத்தில் சட்டென்று முன்னால் ஒன்றைப் போட்டாள். அவர் தடுமாறி, அதற்குப் பிறகு வந்த நல்ல பந்துகளையும் விட்டுவிட்டு இன்னும் பின்னால் போய்விட்டார். கொக்கு கையில் அடுத்த பந்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவசரப்பட்டது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், அவர் போய் நின்ற இடத்திலிருந்து.

அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் இதே வேலை. தன் பயிற்சியைப் பற்றிக் கொக்கு கேட்கவே இல்லை. மாமா இன்றைக்கு எந்த இடத்தில் தயங்குகிறார், எந்தக் காலை முதலில் எடுக்கிறார் என்பதிலேயே கண்ணாக இருந்தாள். அவருக்கோ அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரியும். பந்து விழுகிற தூரம் குறைந்துகொண்டே வருவது தெரியும், தன்னை இழுக்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு பந்துக்கும் கால் பின்னால்தான் போகப் பார்த்தது. அதைத் தாண்டித்தான் காலை எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் வெயில் இறங்குகிற நேரத்தில் ஒரு பந்து கோட்டுக்கு முன்னால் விழுந்தது. அவர் போனார். இடது கால் மண்ணில் பதிந்தது, கை தானாகச் சுழன்றது, ராக்கெட்டின் நடுவில் பந்து பட்டது. அந்தச் சத்தம் அதுவரை அவர் கேட்டறியாத சத்தம். கையில் கனமே இல்லை. பந்து வலைக்கு மேல் தாழ்வாகப் போய் அந்தப் பக்கக் கோட்டோரம் விழுந்தது. அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தன் உடம்புக்குள் இப்படி ஒன்று இத்தனை வருஷமாகக் குடியிருந்ததா என்று ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கொக்கு நிபந்தனையை மறந்துவிட்டாள். “மாமா, நீங்க வந்தீங்க,” என்றாள்.

“நீ இழுத்த, வந்தேன்.”

“நான் பந்தைத்தான் போட்டேன். நீங்க வராமலே நின்னிருக்கலாம்.” அவள் அவரைப் பார்த்துப் பேசவில்லை, மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் என்ன பண்றேன்னு தெரிஞ்சும் வந்தீங்களே. பயந்துகிட்டேதான் வந்தீங்க, நான் பார்த்தேன்.”

கோச் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். இப்போது ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். இத்தனையும் இதற்காகத்தானே, ஒரு வார்த்தை சொன்னால் மணிமணியாக இருக்குமே என்று அவர் வாய் துறுதுறுத்தது.

“கூடையை இங்க வை,” என்றாள் கோச். “நீ அந்தப் பக்கம் போ.”

கொக்கு போய் நின்றாள். கோட்டின் மேல் நின்றாள். கோச் அன்று பந்தைக் குறைத்துப் போடவில்லை, கூட்டியும் போடவில்லை. பலமாக, ஆழமாக, ஓர் எதிராளி அடிப்பது போலவே அடித்தாள். அவள் அப்படி அடித்து அவர் பார்த்ததில்லை. சில பந்துகளுக்குக் கொக்கு பின்னால் போனாள். போனதைத் தானே கவனித்தாள். திரும்ப வந்தாள்.

தேர்வு நாளன்று ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய மைதானத்துக்குப் போனார்கள். அணியில் மிச்சம் இருந்த ஒரே இடத்துக்கு இரண்டு பேர். இந்த ஆட்டத்தில் ஜெயித்தவள் உள்ளே, தோற்றவள் வெளியே. ஆட்டம் நடக்கும்போது கோச்சுகள் பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. எதிராளி குட்டையாக, கெட்டியாக, பந்தைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கிறவள். அங்கே நாற்காலியை நகர்த்த வழியில்லை. கொக்குவின் அப்பா நேர் எதிரே, கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

கோச் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக் கேட்டில் ஒரு கீல் விட்டுப்போச்சு, அதைப் பற்ற வைத்தால் நிற்குமா என்று கேட்டாள். அவர் திரும்பி விளக்க ஆரம்பித்தார். இரும்பு எந்த வகை, கம்பி எந்த வகை, துரு ஏறியிருந்தால் என்ன செய்வது என்று பேச்சு வளர்ந்தது. அவர் கோர்ட்டின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவளுக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்தது. வெல்டிங்கில் ஒருத்திக்கு இத்தனை சந்தேகம் வரும் என்று பல்லுக்காரர் நினைத்ததில்லை. தங்கள் வீட்டுக் கேட்டுக்குக் கீலே கிடையாது; அது தள்ளுகிற கேட். தான் பழக்கிய பிள்ளை ஆடுகிற முக்கியமான ஆட்டத்தை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள் அவள். 

முதல் செட் போய்விட்டது. கொக்கு பின்னாலேயே நின்றாள். எதிராளி அடிக்கிற அடியில் வேறு யாரும் அங்கேதான் நின்றிருப்பார்கள். பல்லுக்காரர் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது செட்டின் நடுவில் ஒரு பந்து நெருப்பு மாதிரி வந்தது. கொக்குவின் கால் பின்னால் கிளம்பியது. கிளம்பிய கால் நின்றது. நின்றதை அவர் தன் கெண்டைக்காலில் உணர்ந்தார். அந்தப் பக்கம் நிற்கிறவள் எதையும் குறைத்துப் போடப் போவதில்லை. இந்தக் கோர்ட்டில் இவளுக்காக யாரும் எதையும் நகர்த்தி வைக்கவில்லை. கொக்கு முன்னால் வந்தாள். பந்து எழும்புவதற்கு முன்பே அடித்தாள். அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம்.

அதற்குப் பிறகும் சுலபமாக இல்லை. பின்னால் போவாள், வருவாள், போவாள், வருவாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் வந்தாள். இரண்டாவது செட் அவள் பக்கம் வந்தது; மூன்றாவது செட் முடிய வெகுநேரம் ஆனது. கடைசிப் பந்தை எதிராளி வலையில் அடித்தபோது கொக்கு கோட்டுக்கு உள்ளே நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் அவளுக்கே புரியவில்லை. அப்புறம் ராக்கெட்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா ஓடிப்போய் மகளைத் தூக்கி நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டே வந்தார். பட்டறைத் தொண்டைக்கு அன்று தடை ஏதும் இல்லை. எல்லாம் என் பொண்ணு தானா கத்துக்கிட்டது, யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தந்ததில்லை, இனி அணியில் பெரிய பெரிய கோச்சுங்க இருப்பாங்க, அங்க போனா எங்கேயோ போயிடுவா என்றார். சொல்லிவிட்டு, கோச் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டு, உங்களைக் குறை சொல்லலைம்மா என்றார்.

“சரியாத்தான் சொல்றீங்க,” என்றாள் கோச். “அவளாத்தான் வந்தா. அங்க சேர்த்து விடுங்க, நல்லா வருவா.”

அப்பாவுக்கு அதுவும் போதவில்லை. சாட்சிக்கு ஆள் வேண்டியிருந்தது. “நீங்க தினமும் கூடவே இருந்தீங்களே சார், நீங்களே சொல்லுங்க.”

கொக்கு நிமிர்ந்து பல்லுக்காரரைப் பார்த்தாள். ஆணியும் தடமும் கரண்டியும் கீலும் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன.

“ஆமாங்க,” என்றார் அவர். “நான் பார்த்தவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லித் தரலை.”

கொக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அப்பா அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார்.

அவர்கள் போன பிறகு அவர் மனைவியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.  திரும்பிப் பார்த்தால் அவள் இவரைக் கவனிக்கவே இல்லை. கோர்ட்டின் மறுபக்கத்தில் தோற்றுப்போன அந்தக் குட்டைப் பெண் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கோச் எதிரே நின்று விரலை மடக்கி மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மனைவி அந்தப் பெண்ணின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடிக்கும்போது வலது பக்கம் சாயுறா, பார்த்தீங்களா?”

அவர் பார்த்திருக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் ஆமாம் என்றே தோன்றியது.

“யாரும் அவளுக்குச் சொல்லலை போலிருக்கு,” என்றார்.

“சொல்லியிருப்பாங்க,” என்றாள் கோச், கண்ணை எடுக்காமல். “நிறையச் சொல்லியிருப்பாங்க.”